ரெண்டு மாசப் புள்ளையின்ட வாயில வெள்ளை: வெங்காரமா, ஜெல்லா?

11.02.2024, இரவு 10.15 (பாலையூற்றில இருந்து ஒரு புது அப்பா கேட்டது)

மகளுக்கு ரெண்டு மாசம் ஆகப்போகுது. கொஞ்ச நாளா நாக்கு முழுக்க வெள்ளை, கன்னத்துக்கு உள்பக்கமும் தயிர் ஒட்டின மாதிரி கிடக்கு. பால் குடிக்கேக்க விட்டுவிட்டு அழுறா. மாமி இது அக்கரம் (வாயில வாற பூஞ்சை), வெங்காரத்தைப் பொரிச்சுத் தேனில குழைச்சுத் தடவினா போயிடும் எண்டு சொல்றா. வீட்டில மாமாட கட்டுப்பல்லுக்கு வாங்கின வாய் ஜெல் பாதி ட்யூப் கிடக்கு, அதைப் பூசினா என்ன எண்டு மனுசி கேக்கிறா. ரெண்டில எது சரி? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

11.02.2024, இரவு 11.05

தம்பி, ரெண்டும் வேணாம். நான் திருகோணமலை டவுன்ல பாமசி கவுண்டர்ல நிக்கிற ஆள், டொக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லி வைக்கிறன். ஆனா இது ரெண்டையும் இண்டைக்கு ராத்திரியே நிப்பாட்டச் சொல்ல டொக்டர் தேவையில்ல.

ஒரு வயசாகாத புள்ளைக்குத் தேன் நாக்கிலயும் வைக்கக் கூடாது. தேனுக்குள்ள பொட்டுலிசம் எண்ட நோயின்ட கிருமி வித்தாட்டம் உறங்கிக் கிடக்கலாம், எங்களுக்கு ஒண்டும் செய்யாது, சின்னக் குடல்ல அது முளைச்சு நஞ்சு விடும், புள்ளை துவண்டு போகும். வெங்காரம் அதைவிட மோசம். தேனும் வெங்காரமும் சூப்பியில தடவிக் குடுத்த புள்ளைகளுக்கு வலிப்பு வந்த கதை 1980களிலயே வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகள்ல வந்தாச்சு. ஜெல் வேற பிரச்சினை. மருந்து நல்ல மருந்துதான், மைக்கோனசோல், ஆனா பசை மாதிரி கெட்டி, நாலு மாசம் ஆகாத புள்ளைக்குத் தொண்டையில அடைச்சு மூச்சு முட்டலாம். அதனாலதான் அந்த வயசுக்குக் குடுக்கக் கூடாது எண்டு ட்யூபோட வாற தாள்லயே போட்டிருக்கும், ஆர் அதை வாசிக்கிறது.

நாளைக்குக் காலமை மிட்வைஃபுக்கு ஒரு கோல் எடுங்க, இல்லாட்டி கிளினிக்குக்கோ ஓபிடிக்கோ கொண்டு போங்க. மாமியோட சண்டை பிடிக்காதீங்க, அவட காலத்தில பாமசி எங்க இருந்தது.

12.02.2024, பகல் 1.30

சாப்பாட்டு நேரத்தில எழுதுறன். வெள்ளை எல்லாம் அக்கரம் இல்ல. பால் மட்டும் குடிக்கிற புள்ளைக்கு நாக்கில மெல்லிசா ஒரு பால் படிவு எப்பவும் இருக்கும். சுத்தமான மெல்லிய துணியை ஈரமாக்கி விரல்ல சுத்தி மெல்லமாத் தொட்டுப் பாருங்க, பால் எண்டா சும்மா வந்திடும். அக்கரம் எண்டா லேசில வராது, வந்தாலும் கீழ சிவந்து கிடக்கும், சிலவேளை ரத்தம் கசியும். இன்னொண்டு, பால் படிவு நாக்கோட நிக்கும், கன்னம், முரசு, மேலண்ணம் எல்லாம் ஏறாது. இவர் கன்னத்திலயும் இருக்கு எண்டு எழுதியிருக்கிறதால எனக்குச் சந்தேகம் கூடத்தான்.

பார்க்கத்தான் சொன்னேன், தேய்க்கச் சொல்லேல்ல. சிலபேர் வெள்ளையை முழுக்க எடுத்தாத்தான் சுகம் எண்டு நினைச்சு உரஞ்சி உரஞ்சிப் புண்ணாக்கிப் போட்டு வாறாங்க.

12.02.2024, இரவு 9.50

டொக்டர் பார்த்துட்டு நிஸ்டாட்டின் எண்ட பூஞ்சை மருந்துத் துளி எழுதியிருக்காராம். நல்லது. அதைக் குடுக்கிற விதத்திலதான் பாதிப்பேர் கோட்டை விடுறது, அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

போத்தலை வடிவாக் குலுக்கணும், மருந்து அடியில படிஞ்சு கிடக்கும், குலுக்காம எடுத்தா முதல் கிழமை தண்ணியும் கடைசிக் கிழமை மருந்தும்தான் உள்ள போகும். இந்த வயசுக்கு வழக்கமா எழுதுறது ஒருக்கா 1 மில்லிலீட்டர், அதாவது 100,000 யுனிட், ஒரு நாளைக்கு நாலு தரம், உங்கட துண்டில வேற அளவு இருந்தா துண்டில இருக்கிறதுதான் சரி. பால் குடுத்த பிறகு குடுங்க, முதல்ல குடுத்தா பாலோட கழுவுப்பட்டுப் போகும். ஒரே வீச்சில தொண்டைக்குள்ள அடிக்காதீங்க. பாதியை ஒரு கன்னத்துக்குள்ள, பாதியை மற்றக் கன்னத்துக்குள்ள விடுங்க. இந்த மருந்து குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போறது இல்லயெண்டே சொல்லலாம், படுற இடத்தில மட்டும்தான் வேலை செய்யும், அதனால வாய்க்குள்ள எவ்வளவு நேரம் நிக்குதோ அவ்வளவுக்கு நல்லம்.

இனி முக்கியமானது. வெள்ளை போன அண்டைக்கு நிப்பாட்டாதீங்க, போன பிறகும் ரெண்டு நாள் குடுக்கணும். எங்கட ஆக்கள் மூண்டாம் நாள் வாய் வெளிச்சிட்டுது எண்டு போத்தலை ஃப்ரிட்ஜ்ஜுக்கு மேல வைச்சிட்டு, ரெண்டு கிழமையில திருப்பி வந்து "அந்த மருந்து சரியில்ல, வேற ஒண்டு தாங்க" எண்டு நிப்பாங்க.

சூப்பி, போத்தல் நிப்பிள், வாயில வைக்கிற எல்லாத்தையும் ஒவ்வொரு நாளும் அவிச்சு எடுங்க. தாய்ட மார்புக் காம்பு சிவந்து எரிவு இருந்தா அவவுக்கும் கிரீம் தேவைப்படும், ஒராளுக்கு மாறி மற்றாளுக்குத் திருப்பிக் குடுக்கிற விளையாட்டு நடக்கும். பால் குடுக்கிறதை நிப்பாட்ட வேணாம்.

13.02.2024, காலை 7.20

நாலஞ்சு பேர் ராத்திரி முழுக்க வைத்தியம் எழுதித் தள்ளியிருக்கீங்க, கடை திறக்க முதல் வாசிச்சுச் சிரிச்சன். எல்லாத்துக்கும் ஒரேயடியா.

மாசிக்காய் உரைச்சுத் தடவுறது: புள்ளைக்கு வேணாம், கல்லும் சுத்தமில்ல, கையும் சுத்தமில்ல. நல்லெண்ணெய் கொப்பளிக்கிறது: பெரிய ஆக்கள் செய்தாச் செய்ங்க, அக்கரம் அதால மாறாது. சின்னப் புள்ளைட வாயில எண்ணெய் ஊத்தினா நெஞ்சுக்குள்ள போய் நிமோனியா வரும். உப்புத் தண்ணி: பெரியாக்களுக்கு எரிவு கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். கன்னியா வெந்நீரூற்றில ஏழு கிணத்துத் தண்ணியும் எடுத்துக் கொப்பளிக்கச் சொன்ன அண்ணனுக்கு ஒரு கும்பிடு. அது குளிக்கிற தண்ணி அண்ணே, அதுவும் நேற்று ஆர் குளிச்சதோ.

கிண்ணியாத் தயிர் நல்லம் எண்டு ஒராள் எழுதியிருந்தார். சட்டித் தயிர் எனக்கும் உயிர். ஆனா அது மருந்து இல்ல, அதோட மேல நாலு கரண்டி சீனி கொட்டித் தின்னுறவருக்கு தயிர் செய்யிற நன்மையைச் சீனி வாங்கிக்கொண்டு போயிடும்.

17.02.2024, இரவு 8.40

இந்த இழை புள்ளைகளோட நிக்கும் எண்டு பார்த்தா பெரியாக்கள் கேள்வி கூடிப்போச்சு. சரி, என்ட அப்பாட கதையைச் சொல்றன், அதில முக்கால்வாசிக் கேள்விக்கு மறுமொழி வரும்.

அப்பா துறைமுகத்தில வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். இழுப்பு இருக்கு, காலமையும் பின்னேரமும் ஸ்டீரொய்ட் இன்ஹேலர். மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். சீனியும் இருக்கு, மாத்திரையில நிக்குது. கொஞ்ச நாளா மீன்குழம்பு எரியுது, அம்மா கொச்சிக்காய் கூடப் போடுறா எண்டு ஒரே குற்றச்சாட்டு. அம்மா தூளைக் குறைச்சுக் குறைச்சுக் கடைசியில எங்களுக்குப் பத்தியக் கறி. அப்பவும் எரியுது. ஒருநாள் பல்லைக் கழட்டச் சொல்லி டோர்ச் அடிச்சுப் பார்த்தன். வெள்ளை ஒரு பொட்டும் இல்ல. மேலண்ணம் மட்டும் செக்கச்செவேல் எண்டு, அதுவும் பல்லுத் தட்டின்ட அச்சு அப்பிடியே எல்லை போட்ட மாதிரி. கடைவாய் ரெண்டு பக்கமும் வெடிச்சிருக்கு, அதை அவர் விற்றமின் குறைவு எண்டு தானே முடிவெடுத்து விற்றமின் பி வாங்கிக் குடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறார், அதுவும் என்ட கடையில இல்ல, வேற கடையில.

இதுவும் புள்ளைக்கு வந்த அதே பூஞ்சைதான், கேண்டிடா எண்டு பேர். கட்டுப்பல்லுக்கு அடியில வாறது அனேகமாச் சிவப்பாத்தான் இருக்கும். அன்டிபயோட்டிக் குடிச்ச பிறகு நாக்கு மொட்டையாகி எரியிறதும் அதின்ட இன்னொரு கோலம். "வெள்ளையே இல்ல, பிறகென்ன பூஞ்சை" எண்டு அப்பா என்னோட வாதாடினார், பல் டொக்டர் சொன்னதும் அடங்கினார்.

இந்தக் கிருமி வெளியால இருந்து பாய்ஞ்சு வாறது இல்ல. சுகமா இருக்கிற எத்தனையோ பேர்ட வாயில சத்தமில்லாம இருக்கிறதுதான். மற்றக் கிருமிகளும் எச்சிலும் உடம்பின்ட எதிர்ப்புச் சக்தியும் அதை அடக்கி வைச்சிருக்கும். அந்தக் காவல் ஒண்டு விழுந்தாத்தான் இது பெருகும். அப்பாவுக்கு மூண்டு காவலும் விழுந்து கிடந்தது: இன்ஹேலர் மருந்து தொண்டையில படியுது, சீனி எச்சிலுக்குள்ளயும் ஏறுது, பல்லுத் தட்டு ராவும் பகலும் ஒட்டிக்கொண்டு இருக்கு. இந்த மூண்டையும் விட்டுட்டு ஜெல் மட்டும் பூசினா ஜெல் விக்கிற எனக்குத்தான் லாபம்.

18.02.2024, காலை 6.45

"ராவில கழட்டினா ஆரும் வந்தா?" எண்டு அப்பா கேட்டதை எழுத மறந்துட்டன். ராத்திரி ரெண்டு மணிக்கு உவர்மலையில எங்கட வீட்டுக்கு ஆர் வரப் போறாங்க.

கட்டுப்பல் விஷயம்: படுக்கப் போகேக்க கழட்டணும், பிரஷ்ஷால உள்பக்கம் வெளிப்பக்கம் சோப்புப் போட்டு உரஞ்சணும், கிருமிநாசினித் தண்ணியில ஊற வைக்கணும், காலமை கழுவிட்டுப் போடணும். குளோர்ஹெக்ஸிடின் வாய்கழுவி பாவிக்கலாம், தட்டில மண்ணிறம் படியும், அது ஒண்டும் செய்யாது. கம்பி, உலோகம் உள்ள தட்டை பிளீச் தண்ணியில போடாதீங்க, கறுத்துப் போகும். தட்டு லூஸ் எண்டா பல் டொக்டரிட்டக் காட்டித் திருப்பிப் பொருத்துங்க, ஆடி ஆடி உரஞ்சிற இடத்தில புண் மாறாது.

18.02.2024, இரவு 9.10

காலமை எழுதினதோட சேர்த்து வாசிக்க வேண்டியது. குளோர்ஹெக்ஸிடினும் நிஸ்டாட்டினும் ஒரே நேரத்தில வாயில போகக் கூடாது, ஒண்டை ஒண்டு வேலை செய்ய விடாது. ரெண்டும் எழுதியிருந்தா இடையில அரை மணித்தியாலமாவது விடுங்க. வாயை கழுவிட்டு உடனே துளி விட்டுட்டு "மருந்து கேக்குதில்ல" எண்டு வாறவங்களைக் கேட்டுப் பார்த்தா இதுவும் ஒரு காரணமா இருக்கும்.

25.02.2024, இரவு 10.30

ஒரு மிட்வைஃப் அக்கா தனியா எழுதியிருந்தா, அவ சொன்னது சரி எண்டு படுது. தாய்ட காம்பில வாற எல்லா நோவையும் பூஞ்சை எண்டு எடுத்துக் கிரீம் பூசுறாங்களாம், கனபேருக்கு உண்மையான காரணம் புள்ளை சரியாக் கவ்வாதது. பூஞ்சை கிரீம் பூசிப் பூசி நாளைக் கடத்தாம, ஒராள் பக்கத்தில இருந்து பால் குடுக்கிறதைப் பார்த்துத் திருத்தினா சுகம் வரும். அதனால 12ஆந் தேதி நான் எழுதினதை இப்பிடி வாசிங்க: புள்ளைக்கு அக்கரம் இருந்து, தாய்க்கும் சிவப்பு எரிவு இருந்தா ரெண்டு பேரையும் ஒண்டாக் காட்டுங்க. நோவு மட்டும் எண்டா முதல்ல கவ்வுறதைப் பாருங்க.

பாலையூற்றுத் தம்பி, மகளுக்கு வாய் வெளிச்சிட்டுதா? ஒண்டும் எழுதக் காணேல்ல.

26.02.2024, பகல் 1.15

வெளிச்சிட்டுதாம். மாமி "நான் ராவில கொஞ்சம் தேன் வைச்சதாலதான்" எண்டு சொல்லுறாவாம். தம்பி, அந்தத் தேன் போத்தலைத் தூக்கி ஒளிச்சு வையுங்க. புள்ளை பால் குடிக்காம, மலம் போகாம, அழுகுரல் மெலிஞ்சு, கழுத்துத் துவண்டா ஒரு நிமிசமும் பார்க்காம 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, தேன் வைச்ச கதையையும் மறைக்காமச் சொல்லுங்க. அனேகமா ஒண்டும் நடக்காது. ஆனாலும் சில கிழமைக்குக் கவனமா இருங்க.

09.03.2024, காலை 11.00

கோணேசர் கோயில்ல சிவராத்திரி முழிச்சுட்டு வந்து நித்திரை வருதில்ல, அதனால கொஞ்சம் வேற கதை.

இந்த நிஸ்டாட்டின் எங்க இருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில ரெண்டு பொம்பிளைகள், எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண், நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில வேலை செய்தவங்க. ஒராள் நியூயோர்க் நகரத்தில, மற்றாள் அல்பனியில. மண் மாதிரிகளைப் போத்தல்ல அடைச்சுத் தபால்ல அனுப்பி அனுப்பி ஆராய்ச்சி செய்தாங்க. கடைசியில ஹேசன்ட சிநேகிதரின்ட வேர்ஜீனியாப் பண்ணையில எடுத்த மண்ணுக்குள்ள இருந்த ஒரு நுண்ணுயிர்தான் பூஞ்சையைக் கொல்லுற இந்தப் பொருளைச் செய்யிறதாக் கண்டாங்க, 1950ல அறிவிச்சாங்க. நியூயோர்க் ஸ்டேட்டைத்தான் மருந்தின்ட பேருக்குள்ள வைச்சாங்க. அதால வந்த உரிமைப் பணம் 13 மில்லியன் டொலருக்கு மேல, ஒரு சதமும் தங்களுக்கு எடுக்காம ஆராய்ச்சிக்கே விட்டுட்டாங்க. 1966ல இத்தாலியில ஃப்ளோரன்ஸ் வெள்ளத்தில நனைஞ்ச பழைய ஓவியங்கள்ல பூஞ்சணம் பிடிச்சப்ப அதுக்கும் இந்த மருந்தைத்தான் பாவிச்சாங்க. ஓவியத்துக்கும் உதவுது, பாலையூற்றுப் புள்ளைக்கும் உதவுது.

தூங்கப் போறன்.

16.03.2024, இரவு 9.30

கிண்ணியாவில இருந்து ஒரு சகோதரர், நோன்பு, உம்மாவுக்கு இழுப்பு, இன்ஹேலர் தொடங்கின பிறகு தொண்டை கரகரப்பும் வாயில வெள்ளையும் எண்டு கேட்டிருக்கார். மருந்தை நிப்பாட்டச் சொல்லாதீங்க, அக்கரத்துக்குப் பயந்து தடுப்பு இன்ஹேலரை விட்டு இழுப்பு கூடி ஆஸ்பத்திரியில படுத்த ஆக்களைக் கண்டிருக்கிறன். ஸ்டீரொய்ட் இன்ஹேலர் ரெண்டு வேளை எண்டா ஸஹருக்கு எழும்பினதும் ஒண்டு, நோன்பு திறந்த பிறகு ஒண்டு எண்டு டொக்டரிட்டக் கேட்டு மாத்திக்கொள்ளலாம். இழுத்த உடனே வாய் கொப்பளிச்சுத் தொண்டை வரைக்கும் கரகரத்துத் துப்பணும், விழுங்கிறது இல்ல. அதோட பல்லுத் தீட்டினா இன்னும் நல்லம், மறக்காமலும் இருக்கும். பம்ப் மாதிரி அடிக்கிறது எண்டா ஸ்பேசர் (இன்ஹேலரோட பொருத்துற குழாய்) வாங்கிக் குடுங்க, மருந்து தொண்டையில மோதாம நெஞ்சுக்குப் போகும். அவசரத்துக்கு அடிக்கிற சல்பியூட்டமோல் ஸ்டீரொய்ட் இல்ல, அதால அக்கரம் வராது. நோன்பு நேரத்தில அவசர இன்ஹேலர் அடிச்சா நோன்பு என்னாகும் எண்டது மௌலவியிட்டக் கேக்க வேண்டிய கேள்வி, மூச்சு முட்டினா முதல்ல அடிங்க, பிறகு கேளுங்க.

17.03.2024, பகல் 1.40

நேற்று எழுதினதைப் பார்த்துட்டு அப்பா, "எனக்கு ஒருநாளும் கொப்பளிக்கச் சொல்லேல்லயே" எண்டு கேட்டார். அவருக்கு நாள்தோறும் சொல்றது அம்மா, கேக்காதது அவர்.

02.04.2024, இரவு 10.10

இது கொஞ்சம் பாரமான விஷயம், பகிடி இல்ல. மூதூர்ல இருந்து ஒராள் கேட்டிருக்கார்: வாப்பாவுக்குக் கன்னத்துக்குள்ள வெள்ளைத் தழும்பு, நிஸ்டாட்டின் வாங்கி விட்டும் போகேல்ல, இன்னும் பவர் கூடின மருந்து இருக்கா. வெத்திலை போடுறவரா எண்டு கேட்டன், ஓம், புகையிலையோட, இளமையில இருந்து.

நிஸ்டாட்டினுக்கும் போகாத, துடைச்சாலும் வராத வெள்ளைக்கு என்னட்ட மருந்து கேக்காதீங்க. வெத்திலை, பாக்கு, புகையிலை போடுற வாயில அது வேற ஒண்டா இருக்கலாம், புற்றுநோய்க்கு முந்தின கட்டமாவும் இருக்கலாம். எங்கட நாட்டில ஆம்பிளைகளுக்குக் கூட வாற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். நோவு இல்ல எண்டு சும்மா இருக்காதீங்க, தொடக்கத்தில நோகாது. வெள்ளையோ சிவப்போ புண்ணோ மூண்டு கிழமைக்கு மேல நிண்டாலும், வாய் திறக்கக் கஷ்டம் எண்டாலும் ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க, காசு இல்ல. பூஞ்சை மருந்தை மாத்தி மாத்தி வாங்கிறதால போறது காசு மட்டும் இல்ல, நாளும்தான்.

03.04.2024, இரவு 8.55

நேற்றைய குறிப்புக்குப் பயந்து வெள்ளை நாக்குக்காரர் எல்லாம் கேள்வி கேட்டுட்டாங்க. எல்லா வெள்ளையும் புற்றும் இல்ல, ஐயா.

ஆனா நல்ல வயசில, இன்ஹேலர் இல்லாம, கட்டுப்பல் இல்லாம, அன்டிபயோட்டிக் குடிக்காம ஒராளுக்கு அக்கரம் வந்தா, அதுவும் திரும்பத் திரும்ப வந்தா, சீனி பார்க்கணும், ரத்தம் குறைவா எண்டு பார்க்கணும், டொக்டர் எச்ஐவி சோதனைக்கும் எழுதலாம். எழுதினா கோவிக்காதீங்க, உங்கட குணத்தைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்ல. விழுங்கேக்க நெஞ்சு நோவு எண்டா அது தொண்டைக்குக் கீழ இறங்கியிருக்கலாம், துளிக்கும் ஜெல்லுக்கும் அது கேக்காது, குளிசை வேணும். புற்றுநோய்க்கு மருந்து ஏத்துறவங்க அக்கரம் கண்டா அண்டைக்கே வார்டுக்குச் சொல்லணும்.

11.04.2024, இரவு 9.20

வருசத்துக்குச் சாமான் வாங்க வந்த கூட்டத்துக்குள்ள ஒராள் வாய் ஜெல் ஒண்டு தாங்க எண்டார். வேற என்ன மருந்து குடிக்கிறீங்க எண்டு கேட்டா, "அது எதுக்கு, வாயில பூசுறதுதானே" எண்டு கோவம். பையை வாங்கிப் பார்த்தா வார்ஃபரின், ரத்தம் உறையாம இருக்கக் குடிக்கிற குளிசை. இதய வால்வு மாத்தின ஆள்.

வாயில பூசுற மைக்கோனசோல் வாயோட நிக்காது. கொஞ்சம் உள்ள போய் வார்ஃபரின்ட வேகத்தைக் கூட்டும், மூத்திரத்தில, மூளையில ரத்தம் கசியிற அளவுக்குப் போகும். பூஞ்சைக்குக் குடிக்கிற ஃபுளுகோனசோல் குளிசையும் அப்பிடித்தான். அவருக்கு நிஸ்டாட்டின் பிரச்சினை இல்ல, ஆனா அதையும் டொக்டர் வாயைப் பார்த்து எழுதட்டும் எண்டு அனுப்பினன், வேற கடைக்குப் போகாம இருந்திருந்தா நல்லம். சீனிக்கு கிளிக்கிளசைட் குடிக்கிறவங்களுக்கு ஃபுளுகோனசோல் சேர்ந்தா சீனி சடார் எண்டு இறங்கலாம், வியர்த்து நடுங்கினா அதுதான். கொலஸ்ட்ரோலுக்கு சிம்வாஸ்டாட்டின் குடிக்கிற ஆக்களும் ஜெல்லோ குளிசையோ வாங்க முதல் சொல்லணும். வயித்தில புள்ளை இருக்கிறவங்க ஃபுளுகோனசோலைத் தாங்களா வாங்கிக் குடிக்காதீங்க.

கவுண்டர்ல நாங்க கேள்வி கேட்டா வம்பளக்கிறம் எண்டு நினைக்காதீங்க. குடிக்கிற குளிசை எல்லாத்தையும் ஒரு சொப்பிங் பையில போட்டுக் கொண்டு வாங்க, பேர் தெரியாட்டிப் பரவாயில்ல.

12.04.2024, காலை 7.05

"மிச்ச நிஸ்டாட்டினை அடுத்த புள்ளைக்கு வைக்கலாமா?" எண்டு பாலையூற்றுத் தம்பி. அடுத்த புள்ளையா, இப்பதானே தம்பி நாலு மாசம். வைக்க ஏலாது. திறந்த போத்தலை எத்தனை நாளைக்குள்ள பாவிக்கணும் எண்டு லேபிள்ல இருக்கும், அதுக்குப் பிறகு எறிஞ்சுடுங்க.